கிராஸிங்கில் நின்ற பொம்மை ரயில்

சென்ற ஆண்டு நவராத்திரியின்போது நமது சங்க மண்டபத்துக் கொலுவைக் கண்ட அன்பர்கள், அதன் அடிவாரத்தில் ஓடிய பொம்மை ரயிலை மறந்திருக்கமாட்டார்கள். ஓடியது என்பதைவிட அடிக்கடி நின்றது என்பதே பொருந்தும். வெளிவட்டப் பாதையிலிருந்து உள்வட்டப் பாதைக்கு மாறும் கிராஸ்-ஓவரில் எஞ்சின் நின்றுவிடும். அதை அமைத்த எட்டாம் வகுப்புச் சிறுவன் விரலால் தள்ளிவிடுவான். சுற்றி நின்ற பிள்ளைகள் கைகொட்டிச் சிரிப்பார்கள். அதன்பின் அப்பையன் ஞாயிறு தமிழ் வகுப்புக்கு வருவதையே நிறுத்திவிட்டான். ரயில்வேயில் ஊழியம் பார்க்கும் நமக்கு இது ஓர் உறுத்தலாகவே இருந்தது. பேனா பிடிக்கும் குமாஸ்தாவானாலும் ரயில் நிற்பதைப் பார்த்துக்கொண்டு வாளாவிருப்பது முறையன்று என எண்ணி, அவன் வீட்டுக்குச் சென்றோம்.

குறை யாது? அவனுடைய வண்டி, மெய்யான வண்டியில் 87-இல் ஒரு பங்கு அளவுடையது. தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீட்டர். இவ்வகையில் எஞ்சினுக்கு வேண்டிய 12 வோல்ட் நேர்மின்சாரம் தண்டவாளங்களின் வழியே வருகிறது. ஒன்று நேர்முனை, மற்றது எதிர்முனை. இரு தண்டவாளங்கள் ஒன்றையொன்று வெட்டும் கிராஸிங்கில் இரு முனைகளும் மோதாதிருக்க, அவ்விடத்தைப் பிளாஸ்டிக்கால் செய்துவிடுகிறார்கள். நான்கே சக்கரமுள்ள சிற்றெஞ்சினின் ஒரு சக்கரம் பிளாஸ்டிக்கின்மீது ஏறுகையில், அப்பக்கத்து மற்றைச் சக்கரத்தில் சிறிது தூசி இருந்தாலும் போதும், மின்சாரம் அறுந்துபோகும். 25,000 வோல்ட் மின்பாதையில் ‘நியூட்ரல் செக்ஷன்’ என்னும் மின்னற்ற இடத்தை மெய்யான எஞ்சின் தன் வேகத்தின் உந்துதலாலேயே கடந்துவிடுகிறது. பொம்மைக்கு அத்தனை கனம் ஏது?

பிளாஸ்டிக்குக்குப் பதிலாக உலோகக் கிராஸிங் உள்ள பாயிண்டுகளை வாங்கினோம். உலோகத்துக்கு மின்சாரம் தரவேண்டும். ஆனால் வழிக்கு வழி முனை மாறவேண்டும். வலப்புறம் பிரியும் பாயிண்டில் முனைப்பக்கமிருந்து நுழையும் வண்டிக்கு, நேர்வழியில் கிராஸிங் வலத் தண்டவாளத்தின் முனையையும், பிரிவழியில் இடத் தண்டவாளத்தின் முனையையும் பெறவேண்டும். இந்த மாற்றத்தைச் செய்வதே ரிலே. இரண்டு மாற்றுத் தொடர்புகள் கொண்ட 12 வோல்ட் ரிலே ஒன்று, கிராஸ்-ஓவரின் இரண்டு கிராஸிங்குகளுக்கும் போதுமானது. ஒவ்வொரு தொடர்பிலும் பொதுக்காலைக் கிராஸிங்குடனும், ஓய்வுநிலைக் காலை நேர்வழிக்குரிய தண்டவாளத்துடனும், இயங்குநிலைக் காலைப் பிரிவழிக்குரிய தண்டவாளத்துடனும் இணைக்கவேண்டும். கிராஸிங்கிலிருந்து அப்பால் செல்லும் இரு தண்டவாளங்களிலும் பிளாஸ்டிக் இணைப்பான்களைப் போட்டு மின்தொடர்பைத் துண்டிப்பது இன்றியமையாதது. இரு வட்டங்களையும் ஒரே கன்ட்ரோலருடன் ஒரே முனைவரிசையில் இணைத்துக்கொள்ளவேண்டும்.

ரிலேயின் சுருளுக்குத் தனியாக 12 வோல்ட் அடாப்டர் வைத்தோம். எஞ்சினின் வேகத்தைக் குறைக்கையில் ரிலே தளர்ந்துவிடலாகாது அல்லவா? சுருளின் குறுக்கே ஒரு டையோடு, கோடிட்ட முனை நேர்முனையை நோக்க, இணைத்தோம். சுருளின் மின்சாரம் நிற்கும் கணத்தில் எழும் உதைப்பை அது தாங்கிக்கொள்ளும். இரு பாயிண்டுகளையும் ஒரே கம்பியால் பிணைத்து ஒரே கைப்பிடியில் அசையச் செய்து, அதனடியில் ஒரு மைக்ரோ ஸ்விட்சைப் பொருத்தினோம். பாயிண்ட் திரும்பினால் ரிலேயும் தானே திரும்பும். மெய்யான கிராஸ்-ஓவரிலும் இரு முனைகளும் சேர்ந்தே இயங்குவது வழக்கம்.

எல்லாம் முடித்துப் பெருமிதத்துடன் விசையைத் தட்டினோம். எஞ்சின் முதல் கிராஸிங்கைக் கடந்தது. இரண்டாவதைத் தொட்டதும் கன்ட்ரோலர் அணைந்தது! மறுபடியும் அவ்வாறே. கம்பிகளைப் பிடுங்கிப் பிடுங்கிச் சேர்த்தும் பயனில்லை. சற்றுத் தொலைவில் பேசாது நின்றிருந்த சிறுவன், “மாமா, இரண்டாவது பாயிண்ட் எதிர்ப்பக்கம் பார்க்கிறது. அதற்கு வலம் என்பது நமக்கு இடம் அல்லவா?” என்றான். உண்மைதான்! இரு தொடர்புகளையும் ஒரே பக்கத் தண்டவாளத்துக்கு நாம் கட்டியிருந்தோம். ஓய்வுநிலைக் காலையும் இயங்குநிலைக் காலையும் அவனே மாற்றிக் கட்டினான். எஞ்சின் நடைவேகத்தில், ஒருமுறைகூடத் திணறாமல், உள்வட்டம் சேர்ந்தது.

மறு ஞாயிறு அவன் தமிழ் வகுப்புக்கு வந்தான். சென்ற ஆண்டு சிரித்தவர்களுக்கே, ரிலே என்றால் என்ன என்று கரும்பலகையில் படம் போட்டுத் தமிழில் விளக்கினான். ‘பொதுக்கால்’, ‘ஓய்வுநிலைக் கால்’ என்று நாம் மேலே எழுதிய சொற்கள் அவன் அன்று ஆக்கியவையே; அவனிடம் கேட்டுத்தான் எடுத்துக்கொண்டோம்.

அன்பர்களே, பிள்ளை நின்றுவிட்ட இடத்தில் விரலால் தள்ளிவிடுவது எளிது. அடுத்த சுற்றில் அதே இடத்தில் மீண்டும் நிற்பான். எங்கே தொடர்பு அறுந்தது என்று குனிந்து பார்ப்பதற்கு ஒரு மாலைப்பொழுது செலவாகும். இவ்வாண்டு கொலுவுக்கு அனைவரும் குடும்பத்துடன் வந்து ரயிலைக் காணுமாறு வேண்டுகிறோம். கைப்பிடி அவனிடமே இருக்கும்.