கொடுத்த மருந்தும் கற்பித்த கையும்

தானம் என்றதும் நம் உள்ளத்தில் தோன்றுவன கொடுப்பவரின் கையும் பெறுபவரின் கையுமே. கொடுத்த பொருள் சென்ற இடத்தில் என்ன ஆயிற்று, அது தீர்ந்த பின் பெற்றவர் நிலை யாது என்பனவற்றை நாம் பெரும்பாலும் எண்ணுவதில்லை. மருத்துவத்தைப் பொறுத்தவரை அவ்வாறு எண்ணாமலிருப்பது உயிருக்கே கேடாக முடியும். ஹீமோஃபிலியா எனும் குருதி உறையாமை நோயின் வரலாறு இவ்வுண்மையைத் தெளிவாக எடுத்துரைக்கின்றது.

நம் உடலில் காயம் பட்டவுடன் குருதியிலுள்ள பல புரதங்கள் ஒன்றையொன்று தூண்டி அதனை உறையச் செய்கின்றன. இவற்றுள் எட்டாவது காரணி குறைந்தால் ஹீமோஃபிலியா ஏ. ஒன்பதாவது காரணி குறைந்தால் ஹீமோஃபிலியா பி. ஆண் குழந்தைகளில் ஏறத்தாழ 5,000 பேருக்கு ஒருவர் ஏ வகையுடன் பிறக்கின்றார். இந்நோயாளிக்குக் குருதி பிறரைவிட வேகமாக வழிவதில்லை; நிற்பதற்குத்தான் நெடுநேரம் பிடிக்கின்றது. வெளிக்காயத்தைவிட உட்கசிவே இவர்களுக்குப் பெரும் பகை. முழங்காலிலும் கணுக்காலிலும் முழங்கையிலும் மீண்டும் மீண்டும் குருதி கசிந்து மூட்டுகள் சிதைகின்றன. மூளையில் கசிந்தாலோ உயிருக்கே ஆபத்து.

இந்நோய் புதியதன்று. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஸ்பெயினின் குர்துபாவில் வாழ்ந்த அறுவை மருத்துவ மேதை அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவீ, சிறு காயத்திற்கும் ஆண்கள் குருதி பெருகி மாண்ட ஊர் ஒன்றைப் பற்றித் தம் ‘அத்தஸ்ரீஃப்’ நூலில் பதிவு செய்துள்ளார். இன்று இதற்கு நல்ல மருந்து உண்டு. குறைந்த காரணியை ஊசி வழியே நரம்பில் செலுத்தினால் குருதி உறைகின்றது. சிறு வயது முதல் முறையாகச் செலுத்தி வந்தால் கசிவையே பெரிதும் தடுத்துவிடலாம். செல்வ நாடுகளில் இந்நோயுள்ள சிறுவன் பள்ளி செல்கின்றான், தொழில் புரிகின்றான், முதுமையையும் காண்கின்றான்.

ஏழை நாடுகளின் நிலையோ வேறு. உலகெங்கும் ஏறத்தாழ 11,25,000 ஆண்கள் இந்நோயுடன் வாழ்வதாகவும், அவர்களுள் 4,18,000 பேருக்கு நோய் கடுமையாக இருப்பதாகவும் 2019இல் வெளியான ஆய்வொன்று கணித்தது. அவர்களுள் பெரும்பாலோருக்குத் தம் நோயின் பெயரே தெரியாது. பரிசோதனைக் கூடம் இல்லை. இருந்தாலும் செய்யத் தெரிந்தவர் இல்லை. நோய் தெரிந்தாலும் மருந்து வாங்க வழியில்லை. கடும் நோயுடன் பிறந்த பல பிள்ளைகள் வாலிப வயதை எட்டுவதே இல்லை.

இந்த ஏற்றத்தாழ்வை எதிர்த்து முதலில் எழுந்தவர் மருத்துவர் அல்லர், ஒரு நோயாளி. கனடாவின் மான்ட்ரியல் நகரில் வாழ்ந்த வணிகர் ஃபிராங்க் ஷ்னாபெல். கடும் ஹீமோஃபிலியாவால் அவதியுற்ற அவர், 1963இல் கோபன்ஹேகன் நகரில் பல நாட்டினரைக் கூட்டி உலக ஹீமோஃபிலியா கூட்டமைப்பைத் தோற்றுவித்தார். 1980களில் தூய்மை செய்யப்படாத குருதிப் பொருள்களால் ஆயிரக்கணக்கான ஹீமோஃபிலியா நோயாளிகளை எச்.ஐ.வி. தொற்றியது. ஷ்னாபெலும் 1987இல் எய்ட்ஸ் நோய்க்கு இரையானார். அவருடைய பிறந்த நாளான ஏப்ரல் 17, 1989 முதல் உலக ஹீமோஃபிலியா நாளாகக் கடைப்பிடிக்கப்படுகின்றது.

இக்கூட்டமைப்பு மேற்கொண்ட பணிகளுள் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது இரட்டை மையத் திட்டம். செல்வ நாட்டு மருத்துவ மையம் ஒன்றும் வளரும் நாட்டு மையம் ஒன்றும் சில ஆண்டுகளுக்குக் கைகோத்துக் கொள்கின்றன. அங்கிருந்து மருத்துவரும் செவிலியரும் பரிசோதனைக்கூட நுட்பரும் உடற்பயிற்சிச் சிகிச்சையாளரும் இங்கு வருகின்றனர். இங்குள்ளோர் அங்கு சென்று பயில்கின்றனர். கற்றுக்கொண்ட கை கற்பித்தவர் ஊர் திரும்பிய பின்னும் வேலை செய்யும் என்பதே இத்திட்டத்தின் கருத்தாகும்.

எனினும் கல்வி மட்டும் கசியும் குருதியை நிறுத்திவிடாது, மருந்தும் வேண்டும். 1996 முதல் இக்கூட்டமைப்பு மருந்துகளைத் தானமாகப் பெற்று எளிய நாடுகளுக்கு அனுப்பி வருகின்றது. தொடக்கத்தில் வந்தவை சிறிதளவே. அடுத்த முறை எப்போது வரும் என்பதும் தெரியாது. யானைப் பசிக்குச் சோளப்பொரி போன்ற அந்நிலையில், உயிர் போகும் தறுவாயில் இருப்பவருக்கே மருந்தை ஒதுக்க முடிந்தது. 2014இல் பயோஜென், சோபி ஆகிய இரு நிறுவனங்கள் பத்தாண்டுகளில் 100 கோடி அலகு வரை மருந்து வழங்குவதாக உறுதியளித்தன. 2015 முதல் அது வந்து சேரத் தொடங்கியது. அளவு பெருகியதைவிட, முன்கூட்டியே தெரிந்த அளவில் தொடர்ந்து வந்ததே பெரும் மாற்றமாயிற்று. அதனால்தான் அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்க இயன்றது. குழந்தைகளுக்குத் தடுப்பு ஊசியாகத் தொடர்ந்து கொடுக்கும் துணிவும் மருத்துவர்க்கு வந்தது. தோலுக்கடியில் செலுத்தக்கூடிய எமிசிஸுமாப் எனும் புதிய மருந்தை வளரும் நாடுகளில் 1,000 பேர் வரை வழங்க 2019இல் ரோஷ் நிறுவனமும் முன்வந்தது.

இங்கே ஒரு வினா எழுகின்றது. மருந்து உற்பத்தி செய்யும் நிறுவனமே தானமும் செய்யுமாயின் அதில் வணிக நோக்கம் கலந்திராதோ? நியாயமான ஐயமே. நாளை அந்நிறுவனம் கையை மடக்கிக்கொண்டால் தானத்தை நம்பியே இருந்த நாடு என்ன செய்யும் என்பது அதனினும் பெரிய வினா. ஆயினும் இன்று மூட்டில் குருதி கசியும் சிறுவனிடம் கொடுப்பவரின் நோக்கம் தூய்மையானதா என்று ஆராய்ந்து முடிக்கும் வரை பொறுத்திரு என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. தானத்தைப் பெற்றுக்கொண்டே தானம் தேவைப்படாத நாளுக்கு வழி அமைப்பதுதான் அறிவுடைமை. 2003இல் கூட்டமைப்பு தொடங்கிய முன்னேற்றக் கூட்டணித் திட்டம் இதனை உணர்ந்து, அந்தந்த நாட்டு அரசையும் மருத்துவரையும் நோயாளர் சங்கத்தையும் ஒன்றாக அமர்த்தி, சிகிச்சையை நாட்டின் சுகாதாரத் துறையிலேயே வேரூன்றச் செய்ய முயன்றது.

நம் நாட்டில் இந்த வேர் ஓரளவு பிடித்துள்ளது. நோயாளிகளும் பெற்றோரும் சேர்ந்து 1983இல் இந்திய ஹீமோஃபிலியா கூட்டமைப்பைத் தொடங்கினர். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஹீமோஃபிலியா, தலசீமியா, அரிவாள் செல் நோய் மூன்றும் இடம்பெற்றன. தமிழகத்தில் அரசு மருத்துவமனைகள் வாயிலாக உறைகாரணி மருந்து இலவசமாகவும் வழங்கப்படுகின்றது. வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி உலகக் கூட்டமைப்பின் பன்னாட்டுப் பயிற்சி மையங்களுள் ஒன்று. இந்நோய்க்கான உலகச் சிகிச்சை நெறிமுறைகளின் 2020ஆம் ஆண்டுப் பதிப்பை உருவாக்கிய குழுவிற்குத் தலைமை தாங்கியவர் அங்குப் பணியாற்றிய டாக்டர் அலோக் ஸ்ரீவாஸ்தவா. செல்வ நாடுகள் தரும் அளவினும் குறைந்த மருந்தை வாரம் இருமுறையோ மும்முறையோ தவறாது கொடுத்தாலும் கசிவு வெகுவாகக் குறைகின்றது என்பதை இந்தியாவும் சீனாவும் போன்ற நாடுகளின் அனுபவமே உலகுக்கு உணர்த்தியது. கற்க வந்தவர் கற்பிக்கும் நிலைக்கு உயர்வதே நல்ல தானத்திற்கு அடையாளம்.

இனி நம் இல்லங்களுக்கு வருவோம். இந்நோய் பல குடும்பங்களில் முதன்முதலாக வெளிப்படுவது சுன்னத்தின் போதுதான். ஆகவே தாய்மாமனுக்கோ, தாய்வழி உறவில் வேறொரு ஆணுக்கோ, மூத்த மகனுக்கோ குருதி நில்லாமல் பெருகிய செய்தி இருக்குமாயின், சுன்னத்துக்கு நாள் குறிக்கும் முன் குழந்தைக்குக் குருதி உறைதல் பரிசோதனை செய்துவிடுங்கள். நோய் இருப்பின் மருத்துவமனையில் உறைகாரணி மருந்தின் பாதுகாப்புடன் அதனைச் செய்யலாம். தவழும் பிள்ளையின் உடலில் காரணமின்றி நீலம் பாய்ந்தாலும், மூட்டு வீங்கிச் சூடாக இருந்தாலும் எண்ணெய் தேய்த்து நீவிவிட வேண்டாம், மருத்துவரிடம் காட்டுங்கள். நோயுள்ள பிள்ளைக்கு ஆஸ்பிரின் மாத்திரையும் தசையில் போடும் ஊசியும் ஆகா.

மற்றொன்றையும் வலியுறுத்த வேண்டும். நோய்க்குரிய மரபணு தாய் வழியே வருகின்றது என்று அரைகுறையாகக் கேட்டுவிட்டு, பெற்றவளைப் பழிக்கும் குடும்பங்கள் உள்ளன. தாய் அதனைத் தானே விரும்பிக் கொடுப்பதில்லை. அதுமட்டுமன்று, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நோயாளிகளுக்குக் குடும்பத்தில் முன் வரலாறே கிடையாது, மரபணுவில் புதிதாக நேர்ந்த மாற்றமே காரணம். மரபணுவைச் சுமக்கும் பெண்களுள் சிலருக்கு மாதவிடாயிலும் பேறுகாலத்திலும் மிகுதியான குருதிப்போக்கு ஏற்படுவதுண்டு. அவர்களுக்குத் தேவை பழியன்று, மருத்துவம்.

தானம் செய்ய விழைவோர் ஒரு வேளை மருந்துக்குப் பணம் கொடுப்பதோடு நின்றுவிடாதீர்கள். தொலைவிலுள்ள சிகிச்சை மையத்திற்கு ஒரு தாயும் பிள்ளையும் சென்றுவரும் பேருந்துக் கட்டணம், மூட்டு வலியால் பள்ளி செல்லாத நாள்களுக்குரிய பாடங்கள், வீட்டிலேயே ஊசி போடக் கற்றுத்தரும் ஒரு செவிலியரின் பயிற்சிச் செலவு ஆகியவையும் தானமே. மருந்துக் குப்பி ஒரு கசிவை நிறுத்தும். ஊசி போடக் கற்ற தாயின் கை, பிள்ளை வளர்ந்து ஆளாகும் வரை துணை நிற்கும்.