பெரிய பிரிட்ஜ் பழுதானால் யார் கையில் கொடுப்பது?

ஒரு காலத்தில் அதிகாரிகள் வீட்டில் மட்டும் பார்த்த இரட்டைக் கதவு பிரிட்ஜ், இன்று கல்யாண், டோம்பிவிலி, அம்பர்நாத் பக்கத்து ஒற்றை அறை வீடுகளிலும் நிற்கிறது. தாராவியில் ஏணிப்படி வழியாக ஏறாது என்று கயிறு கட்டி மேல்மாடிக்கு ஏற்றியவர்களும் உண்டு. விலை நாற்பதாயிரம், ஐம்பதாயிரம். ரொக்கமாக யார் கொடுத்தார்கள்? எல்லாம் மாதத் தவணைதான். வாங்கும்போது நிறம் பார்க்கிறோம், நட்சத்திரம் எண்ணுகிறோம். தவணை முடியுமுன்பே அது நின்றுபோனால் யாரைக் கூப்பிடுவது என்று மட்டும் யோசிப்பதில்லை.

இந்த விஷயத்தில் நம்மவர்களிடையே இரண்டு கட்சி உண்டு. ஒரு கட்சியினர் கைத்தொழில் தெரிந்தவர்கள். ரயில்வே ஒர்க்‌ஷாப்பிலும் மில்லிலும் பெரிய பெரிய இயந்திரங்களைப் பிரித்து மாட்டியவர்களுக்கு, "இது ஒரு பெட்டிதானே!" என்ற எண்ணம். ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். மற்றொரு கட்சியினர் உள்விளக்கு எரியாவிட்டாலும் கம்பெனிக்குப் போன் செய்கிறவர்கள். வருகைக் கட்டணம் என்று ஐந்நூறு, அறுநூறு அழுவார்கள். இரண்டு தரப்பாரும் ஏமாறுகிறார்கள் என்பது என் கருத்து. பழுது எங்கே இருக்கிறது என்று பார்த்த பிறகல்லவா, நாமே செய்வதா, ஆளைக் கூப்பிடுவதா என்ற கேள்வி வரவேண்டும்?

கதவு ஓரத்து ரப்பர் பட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பத்து ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி, இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் குளிர் வெளியே போகிறது. பெரும்பாலும் பட்டையில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறியிருக்கும். வெந்நீரும் சோப்பும் போட்டுத் துடைத்தாலே பாதிப் பேருக்குச் சரியாகிவிடும். பின்புறமோ அடியிலோ இருக்கும் காயிலில் தூசி படிந்தால் கம்ப்ரசர் ஓயாமல் ஓடும்; மின்சாரக் கட்டணம் ஏறும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு பிரஷ்ஷால் தட்டிவிட எந்த மெக்கானிக் வேண்டும்? காய்கறித் தட்டின் கீழே தண்ணீர் தேங்கினால், உருகிய நீர் போகும் துவாரம் அடைத்திருக்கிறது என்று அர்த்தம். இவற்றுக்கெல்லாம் ஆளைக் கூப்பிடுவது வீண் செலவு.

வீடு மாற்றுகிற சங்கதியும் உண்டு. நம்மவர்களில் பலர் பதினொரு மாத ஒப்பந்தத்தில் குடியிருப்பவர்கள். டெம்போவில் பிரிட்ஜைப் படுக்கப் போட்டுக் கொண்டுபோய், புதுவீட்டில் இறக்கியவுடன் சுவிட்சைப் போடுகிறார்கள். படுத்த நிலையில் கம்ப்ரசரின் எண்ணெய் குழாய்களுக்குள் போய்விடும். நிமிர்த்தி வைத்து, சில மணி நேரமாவது கழித்துப் போடவேண்டும். நிமிர்த்தியபடியே ஏற்றிச் செல்வது அதைவிட உத்தமம்.

இனி, பணம் அதிகமாகப் பறிபோகும் இடத்துக்கு வருவோம்.

மேலே ஐஸ் அறை நன்றாகக் குளிர்கிறது. கீழே மட்டும் குளிர்வதில்லை, பால் திரிந்துபோகிறது. பனி உறையாத இரட்டைக் கதவு பெட்டிகளில் இது சாதாரணமாக வருகிற கோளாறு. மெக்கானிக் வருவார். கதவைத் திறப்பார், பின்னால் கையை வைத்துப் பார்ப்பார். "கேஸ் நிகல் கயா" என்பார். மூவாயிரம், மூவாயிரத்து ஐந்நூறு!

இந்த வகைப் பெட்டிகளில் குளிர்ந்த காற்றை ஒரு சிறு விசிறிதான் மேலிருந்து கீழே தள்ளுகிறது. உள்ளே மறைவாக இருக்கும் குளிர்க் காயிலில் சேரும் பனியை, ஒரு ஹீட்டர் அவ்வப்போது உருக்கிவிட வேண்டும். அந்த ஹீட்டரோ, அதனுடைய சென்சாரோ, வெப்ப பியூஸோ பழுதானால் பனி கெட்டிப்பட்டுக் காற்று வரும் வழியை அடைத்துவிடும். மேலே குளிரும், கீழே குளிராது. கேஸுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சோதித்துப் பார்ப்பது எளிது. சாமான்களை எடுத்துவிட்டு, பிளக்கைப் பிடுங்கி, இரண்டு கதவுகளையும் ஒருநாள் முழுக்கத் திறந்து வையுங்கள். கீழே பழைய துணிகளைப் போட்டுவிடுங்கள், தண்ணீர் வரும். மறுபடி போட்டதும் நாலைந்து நாள் நன்றாகக் குளிர்ந்து, பிறகு பழையபடி ஆனால், கோளாறு பனி உருக்கும் ஏற்பாட்டில்தான். "கேஸ் போடவேண்டாம், ஹீட்டரையும் சென்சாரையும் பாருங்கள்" என்று நாமே சொல்லலாம். இவ்வளவு தெரிந்த வீட்டுக்காரரிடம் மெக்கானிக்கும் கொஞ்சம் ஜாக்கிரதையாகத்தான் பேசுவார். ஐஸைக் கத்தியால் குத்திப் பெயர்க்கிற வேலை மட்டும் வேண்டாம். குழாய் ஓட்டையானால் அப்போது உண்மையாகவே கேஸ் போய்விடும்.

கேஸ் என்பது ஸ்கூட்டர் பெட்ரோல் போல ஓட ஓடத் தீர்ந்துபோகிற பொருள் அல்ல. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. ஓட்டை இருந்தால்தான் வெளியேறும். ஆகவே, ஓட்டையைக் கண்டுபிடிக்காமல் கேஸ் மட்டும் ஏற்றிவிட்டுப் போகிறவர், ஆறு மாதத்தில் மறுபடி வருவதற்கு வழி செய்துகொண்டு போகிறார்.

இங்கேதான் கைத்தொழில் கட்சியினருக்கு ஓர் எச்சரிக்கை சொல்லவேண்டும். நம் அப்பா காலத்துப் பெட்டிகளில் இருந்தது ஆர்-12 என்ற கேஸ். ஓசோன் படலத்தைக் கெடுக்கிறது என்று 1987-ல் மாண்ட்ரியல் ஒப்பந்தம் வந்து, அந்த வகைக் கேஸ்கள் நம் நாட்டில் 2010 முதல் நிறுத்தப்பட்டன. பிறகு ஆர்-134ஏ வந்தது. இந்த இரண்டும் தீப்பிடிக்காதவை. இப்போது வரும் பெட்டிகளில் பெரும்பாலானவற்றில் இருப்பது ஆர்-600ஏ. அது ஐசோபியூட்டேன், சமையல் கேஸின் பங்காளி. ஆனால் சமையல் கேஸில் கசிவைக் காட்டிக்கொடுக்கச் சேர்க்கும் வாசனை இதில் இல்லை. ஒரு பெட்டியில் பெரும்பாலும் நூறு கிராமுக்கும் குறைவாகவே இருக்கும். அதனால் சாதாரண உபயோகத்தில் பயமில்லை. ஆனால் ஜன்னல் மூடிய பத்தடிக்குப் பத்தடி அறையில், கேஸை வெளியேற்றாமல் குழாயில் தீக்குழலை வைத்தால்? ஆர்-134ஏ காலத்தில் பழகிய கை அதைத்தான் செய்யும். கம்ப்ரசர் மீதுள்ள பட்டயத்தில் எந்தக் கேஸ் என்று எழுதியிருக்கும், தீச்சின்னமும் போட்டிருக்கும். அதைப் படிக்காமல் வேலையைத் தொடங்குகிறவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். வேக்குவம் பம்ப்பும், கிராம் கணக்கில் நிறுக்கும் தராசும் கொண்டுவராதவரையும் அப்படியே. இந்தக் கேஸைக் கண்ணளவில் ஏற்ற முடியாது. பத்து கிராம் வித்தியாசம்கூட வேலையைக் கெடுத்துவிடும்.

அடுத்தது போர்டு. இன்வெர்ட்டர் கம்ப்ரசர் உள்ள பெட்டிகளில் அதை ஓட்டுவது ஒரு மின்னணு அட்டை. அதில் உள்ள கெப்பாசிட்டர்களில் ஏறக்குறைய 300 வோல்ட் தேங்கி நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சிறிது நேரம் போகாது. வீட்டு வயரிங் தெரியும் என்ற தைரியத்தில் இதைத் தொடுவது கூடாது.

ஆனால் கம்பெனிக்காரர்களையும் நான் விடுவதாயில்லை. எங்கள் அலுவலக நண்பர் ஒருவர் வீட்டில், முதல் வருஷம் முடிந்து மூன்றாவது மாதம் போர்டு போயிற்று. கம்ப்ரசருக்குப் பத்து வருஷ வாரண்டி என்று கடையில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். போர்டு அதில் சேராது என்று வந்தவர் சொல்லிவிட்டார். புது போர்டு 6,500 ரூபாய். பழையதைப் பழுது பார்க்க முடியாதா என்று கேட்டதற்கு, "அந்த வழக்கம் இல்லை" என்று பதில். நண்பர் அந்தப் போர்டை லாமிங்டன் ரோட்டுப் பக்கம், இப்படிப்பட்ட அட்டைகளைச் சரிசெய்யும் ஒரு ரிப்பேர்காரரிடம் கொண்டுபோனார். எரிந்துபோயிருந்த இரண்டு சிறு பாகங்களை மாற்றி 1,200 ரூபாய் வாங்கினார். பெட்டி இன்றும் ஓடுகிறது. வாரண்டி முடிந்தபின் போர்டு விஷயத்தில் வெளி ரிப்பேர்காரரை நாடுவதே புத்திசாலித்தனம் என்று சொல்லுவேன். கேஸ் வேலையில் கருவி உள்ளவர், போர்டு வேலையில் கைத்திறன் உள்ளவர். வாரண்டி இருக்கும்வரை மட்டும் வேறு எவரையும் தொடவிடாதீர்கள். திறந்துவிட்டார்கள் என்று காரணம் காட்டி வாரண்டியை மறுக்க ஏன் இடம் கொடுக்கவேண்டும்?

வாரண்டி அட்டையில் "வீட்டு உபயோகத்துக்கு மட்டும்" என்று ஒரு வரி இருக்கும். வீட்டில் மாவு அரைத்து விற்கும் நம் சகோதரிகள் இதைக் கவனிக்கவேண்டும். பெட்டி நிறைய மாவுப் பாத்திரங்களைக் கண்டதும், வியாபார உபயோகம் என்று எழுதிவிட்டுப் போக அந்த ஒரு வரி போதும். ஒருநாள் பெட்டி நின்றால் மறுநாள் மாவு புளித்து, பிழைப்பே நின்றுபோகிறவர்களுக்குத்தான் வாரண்டியும் இல்லாமல் போகிறது! இது நியாயமா? தையல் இயந்திரத்தில் நாலு பிளவுஸ் தைத்து விற்பதைத் தொழிற்சாலை என்று யாராவது சொல்வார்களா?

சர்வீஸ் ஆள் வருகிற நேரத்தில் வீட்டில் இருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர் இந்தியில் ஏதோ சொல்வார். நீட்டிய தாளில் இவர்கள் கையெழுத்துப் போடுவார்கள். போனில் வந்த எண்ணையும் சொல்லிவிடுவார்கள். அந்த எண்ணைச் சொன்ன மாத்திரத்தில், கம்பெனிக் கணக்கில் "வேலை முடிந்தது" என்று புகார் மூடப்பட்டுவிடும். பெட்டி குளிர்ந்து கண்ணால் பார்த்தபிறகே அந்த எண்ணைச் சொல்லவேண்டும் என்று வீட்டில் சொல்லி வையுங்கள். மாற்றிய பழைய பாகத்தையும், ரசீதையும் கேட்டு வாங்குங்கள். இன்டர்நெட்டில் தேடிக் கிடைக்கிற "கஸ்டமர் கேர்" எண்களை நம்பவேண்டாம். மோசடிக்காரர்கள் போட்டுவைத்தவை அவற்றில் உண்டு. பெட்டியின் மீதோ, வாரண்டி அட்டையிலோ அச்சடித்திருக்கும் எண்ணே சரியான எண்.

அலைக்கழித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணைக் கூப்பிடலாம். தமிழிலும் பேசலாம். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ம் வருஷச் சட்டம் 2020 ஜூலையில் அமலுக்கு வந்தபின், நாம் குடியிருக்கும் இடத்திலோ, வேலை பார்க்கும் இடத்திலோ வழக்குப் போடலாம். திருநெல்வேலிக் கடையில் வாங்கி லாரியில் ஏற்றிவந்த பெட்டிக்கும் தாணாவிலேயே மனுக் கொடுக்கலாம். கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமும் கிடையாது. இரண்டு வருஷத்துக்குள் போடவேண்டும். ஊரைவிட்டு வந்து பிழைக்கிற நமக்கு இதைவிட வசதியான சட்டம் வேறு ஏது?

மத்திய அரசு 2022 டிசம்பரில் பழுது பார்க்கும் உரிமைக்கென்று ஓர் இணையதளம் தொடங்கியது. வீட்டு உபயோக சாதனங்களும் அதில் அடக்கம். நல்ல ஆரம்பம்தான். ஆனால் போர்டின் வரைபடமும், பாகங்களும் நம் தெரு மெக்கானிக்கின் கைக்கு வராதவரை கம்பெனி சொன்னதே விலை. 2019-ல் வெளியிட்ட குளிர்விப்புச் செயல்திட்டத்தில் ஒரு லட்சம் மெக்கானிக்குகளுக்குப் பயிற்சியும் சான்றிதழும் தருவதாகச் சொன்னார்கள். தாராவியிலும் சயானிலும் உஸ்தாதிடம் எடுபிடியாக நின்று தொழில் கற்ற நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அந்தப் பயிற்சியைக் கண்டார்கள்? ஐ.டி.ஐ.யில் இந்தத் தொழிலுக்கு இரண்டு வருஷப் படிப்பு இருக்கிறது. பகலில் வேலைக்குப் போகிற பையன் அங்கே போய் உட்கார முடியாது. மாலை நேரத்தில் ஆர்-600ஏ வேலைக்கு மட்டுமாவது ஒரு குறுகிய வகுப்பு நடத்த, பொங்கல் விழாவுக்கு லட்சக்கணக்கில் வசூல் செய்கிற நம் சங்கங்களே முன்வரலாம். இடம் இருக்கிறது, விளக்கும் விசிறியும் இருக்கின்றன. ஒரு வேக்குவம் பம்ப்பும், ஒரு தராசும், பழைய பெட்டிகள் இரண்டும்தான் வாங்கவேண்டும்.