குலுக்கலில் வைத்த பெற்றோர்

சேலத்திலிருந்து அயோத்தியாப்பட்டணம் வழியாக வந்து கொட்டச்சேடு மார்க்கமாய் ஏற்காட்டுக்கு ஏறுகிறவர்கள் கடந்து போகும் குப்பனூரிலும், சேர்வராயன் மலையடிவாரத்தின் மற்றச் சிற்றூர்களிலும், மேட்டுக்காட்டில் ஒரு பகுதியை விற்றோ அடமானம் வைத்தோ பிள்ளையை இன்ஜினீயரிங் படிக்கவைத்த குடியானவர்கள், அவன் கடல் கடந்து நிலைபெற்ற பிறகு, தங்கள் முதுமையை எங்கே கழிப்பது என்ற கேள்விக்கு விடை காணாமல் தவிக்கிறார்கள். "அப்பா, அம்மாவைக் கூட்டிக்கிட்டு இங்கேயே வந்திருங்க" என்று டொரோண்டோவிலிருந்தோ மெல்போர்னிலிருந்தோ பிள்ளை அழைப்பது உள்ளன்போடுதான். ஆயினும் அந்த அழைப்பை மெய்யாக்கும் அதிகாரம் அழைப்பவனிடமும் இல்லை, அழைக்கப்படுபவரிடமும் இல்லை. ஒட்டாவாவிலும் கான்பெராவிலும் வருஷந்தோறும் வகுக்கப்படும் ஓர் எண்ணிக்கைக்குள் அது அடங்கிக் கிடக்கிறது.

கனடாவின் அனுபவமே இதற்குப் போதுமான சான்று. விண்ணப்பங்கள் தேங்கிவிட்டன என்று சொல்லி, 2011 நவம்பரில் பெற்றோரை ஸ்பான்சர் செய்யும் திட்டத்தையே அந்த சர்க்கார் நிறுத்திவைத்தது. 2014 ஜனவரியில் மீண்டும் திறந்தபோது, விண்ணப்பங்களுக்கு 5,000 என்று வரம்பு கட்டி, 10 ஆண்டாக இருந்த பராமரிப்பு உறுதிமொழியைக் கியூபெக் நீங்கலாக மற்ற மாகாணங்களில் 20 ஆண்டாக நீட்டி, குறைந்தபட்ச வருமானத்துக்கு மேல் 30 சதவீதம் கூடுதலாக மூன்று ஆண்டுகள் சம்பாதித்துக் காட்ட வேண்டும் என்றும் விதித்தது. இவை கடுமையான நிபந்தனைகள். எனினும் இவற்றை அநியாயம் என்று நான் சொல்லமாட்டேன். தாய் தந்தையருக்குப் பிள்ளை பொறுப்பேற்பது தர்மமே.

அநியாயம் அதற்குப் பிறகு வந்தது. 2017-இல் விருப்பம் தெரிவித்தவர்களின் பெயர்களைக் குலுக்கல் முறையில் எடுத்தார்கள். சுமார் 95,000 பேர் பெயர் கொடுத்த இடத்தில் 10,000 பேருக்கே விண்ணப்பிக்கும் வாய்ப்பு. 2019-இல் குலுக்கலைக் கைவிட்டு, இணையத்தில் முந்தியவர்களுக்கே இடம் என்றார்கள். 27,000 இடங்களும் பத்துப் பன்னிரண்டு நிமிஷத்தில் தீர்ந்துபோயின. 2020-இன் இறுதியில் மூன்று வாரம் மட்டும் திறந்திருந்த வாசலில் பெயர் பதிந்தவர்களுக்கே, மறுபடியும் குலுக்கல் முறையில், 2025 வரை அழைப்பு போய்க்கொண்டிருந்தது. ஆகவே, 2021-இல் கனடாவில் குடியேறிய பிள்ளைக்கு, எவ்வளவு சம்பாதித்தாலும், தன் பெற்றோரின் பெயரைக் குலுக்கலில் போடக்கூட வழியில்லாமல் போயிற்று. வரிசை எத்தனை நீளமானாலும், அதில் நிற்பவன் தனக்கு முன்னே நிற்பவர்களை எண்ணிப் பார்த்துத் தன் காரியங்களை வகுத்துக்கொள்ளலாம். குலுக்கலோ காத்திருந்த காலத்தைப் பொருட்படுத்துவதே இல்லை. எட்டாண்டு காத்திருந்தவனும் சென்ற வருஷம் வந்தவனும் அதற்கு ஒன்றுதான். எழுபதை எட்டிய தாயின் எட்டாண்டுக் காலத்தைக் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளாத ஒரு முறையை நியாயம் என்று எந்த நாகரிக தேசமும் சொல்லிக்கொள்ளலாகாது.

மற்ற தேசங்களும் மேலானவை அல்ல. ஆஸ்திரேலியாவில் கட்டணம் குறைந்த பெற்றோர் விசாவுக்குச் சுமார் 30 ஆண்டு காத்திருக்க வேண்டும். விரைவானதற்கோ தலைக்கு 40,000 டாலருக்கு மேல் கட்ட வேண்டும். பிரிட்டன் 2012-இல் கொண்டுவந்த விதிப்படி, அன்றாடக் காரியங்களைக் கூடத் தாமே செய்ய இயலாத நிலைக்கு வந்து, சொந்த நாட்டில் பணம் கொடுத்தும் பராமரிப்புக் கிடைக்காத பெற்றோருக்குத்தான் வாசல் திறக்கும். 2017-இல் நீதிமன்றமும் அந்த விதியை நிலைநிறுத்திவிட்டது.

முதியவர்கள் வந்தால் வைத்தியச் செலவு பெருகும் என்பது அந்தத் தேசங்களின் வாதம். அது பொய்யன்று. ஆனால் அந்தக் கணக்கில் வரவுப் பக்கம் எழுதப்படவே இல்லை. அவர்களுடைய ஆலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் கம்ப்யூட்டர் கம்பெனிக்கும் தயாராக வந்து சேர்ந்த பிள்ளையை, குச்சிக்கிழங்கு விற்ற காசில் வளர்த்து ஆளாக்கியவர்கள் இந்தப் பெற்றோர். மருமகள் பிரசவித்த பிறகு பேரக்குழந்தையைத் தாங்கி அவளை வேலைக்கு அனுப்புவதும் இந்தப் பாட்டியின் கூலியில்லாத உழைப்பே. பெற்றோரை அழைப்பதற்கு அனுமதி தருவதை அந்தத் தேசங்கள் தாம் செய்யும் தயவாகக் கருதலாகாது. அது தாம் பெற்றதற்குத் திருப்பிச் செலுத்தவேண்டிய கடன்.

காகிதம் குடும்பத்தைப் பிரிப்பது நமக்குப் புதிதுமன்று. சேலம் ஜில்லாவிலிருந்தும் திருச்சி ஜில்லாவிலிருந்தும் இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்களின் சந்ததியார், 1964-ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின் விளைவாக, ஒரே குடும்பத்தில் ஒருவர் இந்தியப் பிரஜை, மற்றவர் இலங்கைப் பிரஜை என்று பிரிக்கப்பட்டார்கள். இலங்கை மலையகத்திலிருந்து, இந்தியப் பிரஜை ஆனவர்களைச் சுமந்து வந்த ரயிலுக்கு ஜனங்கள் வைத்த பெயர் அழுகைக் கோச்சி. இன்றைய விசா விதிகளை வகுப்பவர்கள் அந்தச் சரித்திரத்தை அறியமாட்டார்கள், நாம் மறக்கலாகாது.

இவ்வளவும் சொன்ன பிறகு, பெற்றோரின் சொந்த விருப்பம் என்ன என்றும் கேட்க வேண்டும். பிள்ளைகள் பெரும்பாலும் கேட்பதில்லை. ஸ்பான்சர் திட்டத்தில் நிரந்தரமாகத் தங்கும் உரிமை பெற்றவர், அதைத் தக்கவைக்க, ஐந்தாண்டில் குறைந்தது 730 நாள் கனடாவில் இருந்தாக வேண்டும். கிணறும் ஆடும் பங்காளிகளும் மலைமேல் சேர்வராயன் கோயிலும் வாழ்க்கையாகிப்போன ஒருவரை, பனிக்காலத்தில் கதவடைத்த அடுக்குமாடியில் நாளெல்லாம் உட்கார்த்தி வைப்பதை நிர்ப்பந்தம் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. அவர்களில் பலர் விரும்புவது போகவும் வரவும் ஒரு சுதந்திரம்.

அந்தச் சுதந்திரத்துக்கு மிக அணுக்கமானது, பெற்றோர் வந்து தங்கிப்போவதற்காக 2011 டிசம்பரில் கனடா ஏற்படுத்திய சூப்பர் விசா. 2022 முதல் ஒரே தடவையில் ஐந்தாண்டு வரை தங்க இது இடந்தருகிறது. இதில் குலுக்கலும் இல்லை. இதன் பெரும் பாரம் ஒரு லட்சம் டாலருக்கான வைத்திய இன்ஷூரன்ஸில் இருக்கிறது. வயது ஏற ஏற, சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் சேரச் சேர, பிரீமியமும் ஏறுகிறது. 2025 ஜனவரி முதல், கனடாவின் நிதிக் கண்காணிப்பு அலுவலகத்தில் அங்கீகாரம் பெற்ற அயல்நாட்டுக் கம்பெனிகளின் பாலிசியும் ஏற்கப்படுகிறது. நம்முடைய பொதுத்துறை இன்ஷூரன்ஸ் நிறுவனங்கள் அந்த அங்கீகாரத்தைப் பெற முயல வேண்டும். இந்தியாவும் கனடாவும் செய்துகொண்ட சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் 2015 ஆகஸ்டு முதல் அமலில் இருக்கிறது. ஆனால் அது பென்ஷனைப் பற்றியே பேசுகிறது. வந்துபோகும் பெற்றோரின் வைத்தியத்தையும் அதில் சேர்க்கும்படி டில்லி சர்க்கார் கேட்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அனுப்பும் பணத்தை வரவேற்கிற சர்க்காருக்கு அதைக் கேட்கும் கடமையும் உண்டு.