தேய்ஞ்ச காசும் ஒரு ப்ராஜெக்ட்தான்

ஜீரோத் ரிவியூ நெருங்கிடுச்சு. உங்க க்ளாஸ் வாட்ஸ்அப் குரூப்ல இந்நேரம் "டைட்டில் ஏதாவது இருக்கா மச்சி"னு ஓடிட்டு இருக்கும். சில பேர் ப்ராஜெக்ட் சென்டர்ல பணம் கட்டி, கோடும் ரிப்போர்ட்டும் சேர்த்தே வாங்கிடுவாங்க. இன்னும் சில பேர் நெட்ல கிடைக்கிற டேட்டாசெட்டை டவுன்லோட் பண்ணி ஓட்டுவாங்க. ரெண்டு வழியிலயும் ஒரு விஷயம் நடக்கவே நடக்காது: நம்ம கையால எதையும் அளக்கிறது.

நாலு வருஷத்துல ஒரு தடவையாவது, விடை தெரியாத ஒரு கேள்விக்கு நாமளே அளந்து விடை தேடணும். இதுதான் என் கருத்து. அதுக்குப் பெரிய மெஷின் எதுவும் வேணாம். பாக்கெட்ல இருக்கிற காசே போதும்.

உங்க பாட்டி பெட்டியில ஜார்ஜ் மன்னர் தலை போட்ட வெள்ளி ரூபா இருந்தா எடுத்துப் பாருங்க. 1939 வரைக்கும் அடிச்ச ரூபான்னா புதுசுல அதோட எடை 11.66 கிராம். அதுல பன்னிரண்டுல பதினோரு பங்கு வெள்ளி, மீதி செம்பு. சுத்த வெள்ளி ரொம்ப மெது, அதனாலதான் செம்பு சேர்த்தாங்க. அப்படியும் அது தேயத்தான் செய்யும்.

எங்கே தேயும்? மேடான இடத்துல. மன்னரோட கன்னம், காது, கிரீடம் எல்லாம் முதல்ல மழுங்கும். ஓரத்துல இருக்கிற எழுத்துக்கு விளிம்பு காவல் நிக்கும். காத்துல இருக்கிற கந்தகத்தால வெள்ளி கறுக்கும். பள்ளத்துல அந்தக் கறுப்பு தங்கிடும், மேடு மட்டும் உரசி உரசிப் பளபளன்னு இருக்கும். சட்டைத் துணி காசைப் பெருசா ஒண்ணும் பண்ணாது. சாவியும் மத்த காசும் பண்ணும். அதைவிட மோசம் தூசி. பூந்தமல்லி ரோட்டுல ஒரு நாள் பைக் ஓட்டினா பாக்கெட்ல எவ்வளவு மண் சேரும்னு உங்களுக்கே தெரியும். மணல்ல இருக்கிற குவார்ட்ஸ் மோஸ் அளவுல 7, வெள்ளி 3-க்கும் கீழே. பாக்கெட்டுக்குள்ளயே ஒரு உப்புத்தாள் வெச்சிருக்கிற மாதிரி.

மெக்கானிக்கல் ஆளுங்களுக்கு ஆர்ச்சர்ட் விதி ஞாபகம் இருக்கும். அழுத்தமும் உரசின தூரமும் கூடக் கூடத் தேய்மானம் கூடும். பொருளோட கடினம் கூடினா குறையும். பாக்கெட் காசுக்கும் அதே விதிதான்.

அந்தக் காலத்துல இது பணப் பிரச்சினை. 1906 நாணயச் சட்டப்படி, ரூபா எடையில 2 சதவீதத்துக்கு மேல குறைஞ்சா அது செல்லாக்காசு. 2 சதவீதம்னா 0.23 கிராம். சுமார் 30 மி.மீ. விட்டமுள்ள அந்தக் காசு ரெண்டு பக்கமும் சமமா தேஞ்சதா வெச்சு நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன்: ஒரு பக்கத்துக்கு 15 மைக்ரான்தான் வருது. ஒரு தலைமுடியோட தடிமன்கூட இல்ல. அன்னைக்கு ரூபாதான் எடைக்கல்லும்கூட. மூணு ரூபா எடை ஒரு பலம். தேஞ்ச ரூபாவை வெச்சு நிறுத்தா வாங்குறவனுக்கு நஷ்டம்.

இந்தத் தேய்மானத்தை வெச்சே வரலாற்றைக் கணக்குப் போட்டவர் டி.டி. கோசாம்பி. புனேயில ஃபெர்குசன் காலேஜ்ல கணக்கு வாத்தியார். 1924-ல தட்சசீலத்துல ஒரு புதையல் கிடைச்சது. அதுல ஆயிரத்துக்கும் மேல முத்திரை குத்தின வெள்ளிக் காசு. நம்ம போடிநாயக்கனூர்லயும் இதே ரகக் காசு கிடைச்சிருக்கு. இந்தக் காசுல ராஜா பேரும் கிடையாது, வருஷமும் கிடையாது. அப்போ எது முந்தினது, எது பிந்தினதுன்னு எப்படிச் சொல்றது?

அதிக நாள் கை மாறின காசு அதிகம் தேஞ்சிருக்கும்னு கோசாம்பி யோசிச்சார். அந்த யோசனை சரியான்னு பார்க்க, தன் காலத்துல புழங்கின காசுகளை ஆயிரக்கணக்குல எடை போட்டார். அதுல வருஷம் அச்சடிச்சிருக்கே! வயசு கூடக் கூட சராசரி எடை சீரா குறைஞ்சது. காசுக்குக் காசு உள்ள வித்தியாசம் கூடிக்கிட்டே போச்சு. ஒரு காசு உண்டியல்ல தூங்கும், இன்னொண்ணு தினமும் பத்து கை மாறும், அதனாலதான். தட்சசீலக் காசுலயும் அதே கதை: பின்பக்கம் முத்திரை அதிகமா இருந்தா எடை குறைவா இருந்தது. அப்பப்போ சோதிச்சுப் பார்த்தவங்க குத்தின முத்திரைங்க அதுன்னு விளக்கினார். இதையெல்லாம் 1940-களோட தொடக்கத்துலயே எழுதிட்டார். கருவின்னு பார்த்தா ஒரு தராசும் புள்ளியியலும்தான்.

"சரி ப்ரோ, இதை வெச்சு ப்ளேஸ்மென்ட் கிடைக்குமா?"னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. அம்பத்தூர் எஸ்டேட்ல எந்த லேத் பட்டறைக்குள்ள போனாலும் தேய்மானம்தான் தினசரித் தலைவலி. டூல் முனை எத்தனை பீஸ் தாங்கும், எப்போ மாத்தணும்னு ஒருத்தர் அளந்துக்கிட்டே இருப்பார். நூறு காசை எடை போட்டு, அதுல எது தேய்மானம், எது மின்ட்ல இருந்தே வந்த வித்தியாசம்னு பிரிக்கத் தெரிஞ்சவன் அந்த வேலையைச் சீக்கிரம் பிடிச்சுக்குவான். வைவாலயும் "இந்த ரீடிங் எப்படி வந்துச்சு?"னு கேட்டா முழிக்க வேண்டியதில்ல.

வெள்ளி ரூபாவுக்கு எங்கே போறதுன்னு கவலைப்படாதீங்க. 2011-ல வந்த டிசைன் அஞ்சு ரூபா நிக்கல்-பித்தளை, புதுசுல 6 கிராம். அது வெள்ளியைவிடக் கடினம், அதனால மெதுவாத்தான் தேயும். ஆனா கெமிஸ்ட்ரி லேப் தராசு மில்லிகிராமுக்கும் கீழே காட்டும். ஆவடி மார்க்கெட்லயோ அம்பத்தூர் ஓ.டி. டீக்கடையிலயோ நோட்டைக் கொடுத்துச் சில்லறை மாத்துங்க. ஒரே டிசைன் காசா பொறுக்கி, வருஷவாரியா பிரிங்க. ஒரு வருஷத்துக்கு ஐம்பது காசாவது வேணும். ஒத்தைக் காசு ஒண்ணும் சொல்லாது. கழுவி, காயவெச்சு, எடை போட்டு, கிராஃப் போடுங்க. கோடு சரியா விழலாம், விழாமலும் போகலாம். விழலைன்னா ஏன் விழலைன்னு தேடுறதும் ப்ராஜெக்ட்தான். செலவும் கிடையாது, அளந்து முடிச்சதும் அதே காசுக்கு டீ குடிச்சுக்கலாம்.

சங்கப் புலவர்கள்ல சில பேருக்கு 'வண்ணக்கன்'னு பட்டம் உண்டு. நாணயத்தைச் சோதிக்கிறவர்னு அதுக்கு அர்த்தம். தமிழ்ல காசுக்கும் நாணயம்தான், நேர்மைக்கும் நாணயம்தான். அடுத்த தடவை அப்சர்வேஷன் நோட்டுல பக்கத்து டேபிள் ரீடிங்கைக் காப்பி பண்ண பேனாவை எடுக்கும்போது இதைக் கொஞ்சம் யோசிங்க. ரிவியூவுக்கு இன்னும் டைம் இருக்கு.