தையற்காரன் ஒன்பதில் ஒரு பங்கா?

ஒன்பது தையற்காரர்கள் சேர்ந்தால்தான் ஒரு மனிதன் ஆகும் என்று இங்கிலீஷ்காரர்களிடையே ஒரு பழமொழி வெகு காலமாக உண்டு. தன்னைக் கனவானாக நடமாடச் செய்தவனையே ஒன்பதில் ஒரு பங்கு மனிதன் என்று பரிகசித்த யோக்கியதையைப் பாருங்கள்! தொழிலைக் கொண்டு மனிதனைத் தாழ்த்தும் புத்தி மனுதர்மக்காரனுக்கு மட்டும் சொந்தமல்ல என்பது இதனாலேயே விளங்கும். ஆனால், அந்தக் கனவானின் உடுப்பையே சற்றுப் பிரித்துப் பார்ப்போம்.

லண்டன் நகரத்தில் ஸாவில் ரோ என்று ஒரு வீதி இருக்கிறது. ஆளுக்கு ஆள் அளவெடுத்துச் சூட்டு தைப்பதில் உலகப் பிரசித்தி பெற்ற வீதி அது. அங்கே துணி வெட்டுபவர் முதலில் இருபதுக்கு மேற்பட்ட அளவுகள் எடுப்பார். ஒரு தோள் தாழ்ந்திருந்தாலும், முதுகு வளைந்திருந்தாலும் குறித்துக் கொள்வார். பிறகு காகிதத்தில் அந்த ஒருவருக்கென்றே வடிவம் வரைந்து, அதைத் துணிமேல் வைத்துக் கோடிட்டு வெட்டுவார். தையற்காரர் அதை வெள்ளை நூலால் தற்காலிகமாக ஓட்டி, உடுத்திப் பார்த்தபின் பிரித்து, திருத்தி, மறுபடியும் தைப்பார். இப்படி இரண்டு மூன்று தடவை நடக்கும். போட்டுக்கொண்டவரின் மார்பு நிமிர்ந்து தோன்றுவதற்குக் காரணம் அவருடைய வீரமல்ல. உள்ளே குதிரைமயிர் கலந்த கான்வாஸை வைத்து, வெளியே தெரியாதபடி எண்ணிறந்த சிறு தையல்களால் பிணைத்த தொழிலாளியின் விரல்களேயாகும். காஜாவும் பட்டு நூலால் கையாலேயே எடுக்கப்படுகிறது. ஒரு சூட்டுக்கு ஐம்பது மணி நேரத்துக்குக் குறையாத கைவேலை பிடிக்கும்.

இவ்வளவு கணக்கோடு தைத்த உடுப்பிலும் மூடநம்பிக்கை புகாமலில்லை. உள்சட்டையின் கடைசிப் பித்தானைப் போடக்கூடாது என்பது கனவான்களின் ஆசாரம். எட்வர்ட் மன்னருக்கு வயிறு பெருத்து அந்தப் பித்தான் சேராமற் போனதால், அரண்மனைக்காரர்களும் அவிழ்த்துவிட்டுக் கொண்டார்கள் என்று ஒரு கதை சொல்லுவார்கள். கதை எப்படியானாலும், காரணம் கேட்டால் "வழக்கம்" என்பதே பதில். பித்தானின் சாஸ்திரத்தை இவ்வளவு பத்திரமாகக் காப்பாற்றியவர்கள், அதைத் தைத்தவனுடைய வயிற்றைப் பற்றி எவ்வளவு விசாரித்தார்கள்?

1912-ம் வருஷம் லண்டன் மேற்குப் பகுதியில் உயர்ந்த உடுப்புத் தைக்கும் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நிறுத்திய வேலை கிழக்குப் பகுதியிலுள்ள சிறு பட்டறைகளுக்குக் கைமாற்றப்பட்டது. அங்கிருந்தவர்களோ அந்நியர் என்றும் யூதர் என்றும் இகழப்பட்ட ஏழைகள். அவர்களைக் கொண்டே மற்றவர்களின் வேலைநிறுத்தத்தை உடைத்துவிடலாம் என்பது முதலாளிகளின் கணக்கு. ஆனால், ருடால்ப் ராக்கர் என்பவர் அவர்களிடையே இருந்தார். அவர் ஜெர்மானியர், புத்தகம் கட்டும் தொழிலாளி, யூதரல்லாதவர், மதத்தை ஒப்பாதவர். யூதத் தொழிலாளரின் பாஷையைக் கற்று, அதிலேயே பத்திரிகை நடத்தியவர். அவர் போன்றோரின் முயற்சியால் கிழக்குப் பகுதித் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் ஊசியைக் கீழே வைத்தார்கள். சுமார் மூன்று வாரத்தில் வேலை நேரம் குறைந்தது. பட்டறைகளில் சுகாதார வசதிக்கும் ஒப்புக்கொள்ளப்பட்டது. அவ்வருஷமே லண்டன் துறைமுகத் தொழிலாளரின் வேலைநிறுத்தம் நீண்டு அவர்களுடைய குழந்தைகள் பட்டினியால் வாடியபோது, முந்நூறுக்கு மேற்பட்ட குழந்தைகளை இந்த யூதக் குடும்பங்கள் தங்கள் வீடுகளில் வைத்துச் சோறு போட்டன. இவர்களா ஒன்பதில் ஒரு பங்கு மனிதர்கள்?

தோழர்களே! அந்த வெற்றி எந்தத் தெய்வமும் கொடுத்ததல்ல. மதத்தாலும் தேசத்தாலும் வேறுபட்டவர்கள், தாங்கள் ஒரே ஊசிக்காரர்கள் என்று உணர்ந்ததால் வந்தது. நம் ஊரிலும் தையற்காரரை "அடா" என்று கூப்பிட்டு, கூலிக்குத் தவணை சொல்லிவிட்டு, புதுச்சட்டையோடு பெரிய மனிதராகத் திரிகிறவர்கள் உண்டு. வருஷத்திற்கொருமுறை தையல் மிஷினுக்குப் பொட்டிட்டுப் பூஜை போடுவதால் அதை மிதிக்கிற காலுக்குக் கூலி உயர்ந்துவிடாது. தைத்தவருக்குப் பூஜை வேண்டாம். உரிய கூலியும், "வாங்க, போங்க" என்ற மரியாதையும் கொடுங்கள். அதைக் கொடுக்க மனமில்லாதவன், எவ்வளவு உயர்ந்த சூட்டைப் போட்டுக்கொண்டாலும், முழு மனிதனாக மாட்டான் என்பதே நமது அபிப்பிராயம்.