மருந்து வந்தது, கக்கூசு வரவில்லை

அமெரிக்காவின் 'முற்போக்குக் காலம்' பற்றிப் பேசுறவங்க பெரும்பாலும் ரெண்டு கட்சி. ஒரு கட்சிக்கு அது அப்டன் சிங்ளேயர் இறைச்சித் தொழிற்சாலைகளின் அசிங்கத்தை எழுதிய அதே 1906இல் உணவுத் தூய்மைச் சட்டம் கொண்டுவந்த நாடு. மற்றக் கட்சிக்கு அது 1898இல் ஸ்பெயினிடமிருந்து பிலிப்பைன்சை எடுத்து, சுதந்திரம் கேட்ட அந்த மக்களையே சுட்ட நாடு. ரெண்டையும் வேற வேற ஆக்கள் செய்த மாதிரித்தான் கதை போகும். எங்களுக்கு அப்படித் தெரியவில்லை. ஒரே கைதான். அந்தக் கை எங்கட மலையகத் தோட்டங்களையும் தொட்டது. ஆனால் பள்ளிக்கூடத்தில் அதை யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை.

கொக்கிப்புழுவில் இருந்து தொடங்குவோம். வெறுங்காலோடு நடக்கிறவரின் தோல் வழியாக உள்ளே போய், குடலில் தங்கி இரத்தத்தைக் குடிக்கும் புழு அது. ஆள் வெளிறிப் போவார், வேலை செய்ய ஏலாது. 1902இல் சார்ள்ஸ் ஸ்டைல்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் தென் மாநில ஏழைகளுக்கு இருக்கும் நோய் இதுதான் என்று சொன்னதும், பத்திரிகைகள் அதற்கு 'சோம்பேறிக் கிருமி' எண்டு பேர் வைத்தன. 1909இல் எண்ணெய் முதலாளி ரொக்பெல்லர் இந்தப் புழுவை ஒழிக்க 10 இலட்சம் டொலர் கொடுத்தார். ஐந்து வருடம், 11 மாநிலங்கள். பரிசோதனை, மருந்து, கக்கூசு கட்டச் சொல்லிப் பிரசாரம் என்று வேலை நடந்தது. நல்ல வேலைதான், மறுக்க முடியாது.

1913இல் ரொக்பெல்லர் அறக்கட்டளை பிறந்தது, அதே வேலையை உலகம் முழுக்கக் கொண்டுபோகத் திட்டம் போட்டது. அடுத்த வருடம் ஏப்ரலில், கொலராடோவின் லட்லோவில், ரொக்பெல்லர் குடும்பத்தின் கையிலிருந்த நிலக்கரிக் கம்பனிக்கு எதிராக வேலைநிறுத்தம் செய்தவர்களின் கூடாரங்கள் எரிக்கப்பட்டு, பெண்களும் பிள்ளைகளும் செத்தார்கள். இந்த ரெண்டு செய்திகளையும் ஒரே பக்கத்தில் வைத்துத்தான் வாசிக்க வேண்டும்.

அறக்கட்டளையின் கிழக்குப் பகுதிக்குப் பொறுப்பாக வந்தவர் விக்டர் ஹைசர். 1905 முதல் 1915 வரை அமெரிக்க ஆட்சிக்குக் கீழிருந்த பிலிப்பைன்சில் சுகாதாரப் பணிப்பாளராக இருந்தவர். சனத்தைக் கேட்காமல் சனத்துக்கு நல்லது செய்வது எப்படி என்பதை அவர் படித்த இடம் அதுதான்.

இலங்கையில் வேலை 1916இல் தொடங்கியது. அறக்கட்டளை, அரசாங்கம், தோட்டத் துரைமார் என்று மூன்று தரப்பு பேசி ஒத்துக்கொண்டது. மருந்து குடிக்கப் போகிற நாலாவது தரப்பை யாரும் கூப்பிடவில்லை. தமிழ்த் தொழிலாளிகளைப் பட்டினி போட்டு, கெனோபோடியம் எண்ணெய் கொடுத்து, பிறகு பேதிக்கும் கொடுத்தார்கள். அளவு கூடினால் நஞ்சாகிற எண்ணெய் அது. 'குடிக்க மாட்டேன்' எண்டு சொல்ல, கங்காணிக்கும் துரைக்கும் கீழே நிற்கிற ஒருவரால் எவ்வளவு தூரம் முடிந்திருக்கும்?

மருந்து வேலை செய்தது. புழு விழுந்தது. ஆனால் அந்த ஆள் திரும்பிப் போனது அதே லயத்துக்கு, அதே வெறுங்காலோடு, அதே மண்ணுக்கு. கக்கூசு இல்லாத இடத்தில் புழு திரும்ப ஏறும் என்பது அறக்கட்டளைக்காரருக்கு நன்றாகத் தெரியும், அமெரிக்காவில் அதைத்தான் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு திரிந்தவர்கள். இங்கே கட்ட வேண்டியது துரைமார். அவர்கள் இழுத்தடித்தார்கள். காசு போகும், கட்டினாலும் கூலிகள் பாவிக்க மாட்டார்கள் என்று காரணம் சொன்னார்கள். மருந்துச் செலவில் தொழிலாளி நாளைக்கே மலை ஏறுவார், கணக்கு நேராகும். கக்கூசுச் செலவு அப்படிக் கண்ணுக்குத் தெரியாது. சோம்பேறி யார் என்று கிருமியைக் கேட்டால் வேறு பேர் சொல்லியிருக்கும்.

'தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா?' என்று எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஒரு தோழி கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கான பதில் களுத்துறையில் இருக்கிறது என்று நினைக்கிறோம். 1926இல் அதே அறக்கட்டளையின் உதவியோடு அங்கே ஒரு சுகாதாரப் பிரிவு தொடங்கியது. ஒரு புழுவை மட்டும் துரத்தாமல், தாய் சேய் நலம், தடுப்பூசி, பள்ளிக்கூடம், கிணறு, கக்கூசு எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்த்தார்கள். அந்த முறைதான் பிறகு நாடு முழுக்கப் பரவியது. இன்றைக்கு எம்.ஓ.எச். அலுவலகத்திலிருந்து கர்ப்பிணி வீட்டுக்கு வரும் மிட்வைப் மிஸ்ஸின் வேர் அங்கேதான். காசு அதே அமெரிக்கக் காசுதான். வேலை அரசாங்கத்தின் கையில் இருந்தது, அதுதான் வித்தியாசம். 1931இல் எல்லோருக்கும் வாக்குரிமை வந்த பிறகு, ஆஸ்பத்திரி கேட்டு மந்திரியின் வாசலில் போய் நிற்க ஊர்ச்சனத்துக்கு முடிந்தது. தோட்டச் சனத்துக்கு முழுமையாகக் கிடைக்காத அந்த வாக்கும் 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தோடு பறிபோனது. தோட்டத்துச் சுகாதாரம் நெடுங்காலம் கம்பனிக்காரரின் இரக்கத்தில்தான் கிடந்தது. பல்லைப் பிடித்துப் பார்க்கிற உரிமை யாருக்கு இருந்ததோ அவர்களுக்கு நல்ல மாடு கிடைத்தது.

நூறு வருடத்துக்கு முந்திய கதையை மாளிகாவத்தையில் இருந்து ஏன் எழுதுறீங்க எண்டு கேட்கலாம். 2020 மே 21, நோன்பு மாதம், கொரோனாக் காலம். எங்கட பகுதியில் ஒரு வியாபாரி சனத்துக்குக் காசு பகிர்ந்தார். நெரிசலில் 3 பெண்கள் இறந்து போனார்கள். கொடுக்க வந்தவரின் மனசில் கெட்ட எண்ணம் இருந்தது என்று நாங்கள் நினைக்கவில்லை. அன்றைக்கு நாங்களும் மற்றவர்களும் பேசியதெல்லாம் வரிசையைப் பற்றித்தான்: ஏன் டோக்கன் கொடுக்கவில்லை, ஏன் கேற்றை அப்படித் திறந்தார்கள், பொலிஸ் எங்கே. ரெண்டு மாதம் நாட்கூலி இல்லாத வீடுகளுக்கு அதுவரை யார் என்ன கொடுத்தார்கள் என்ற பேச்சு எங்களுக்குள்ளேயே பிந்தித்தான் வந்தது, அதுவும் மெல்லிய குரலில்.