முழங்காலை அளக்கும் உறை

முறிந்த கால் பொருந்திய பின்னரும் முழங்கால் மடங்க மறுப்பதுண்டு. 2009 வரை நடந்த போரிற் காயமுற்ற பலருடன் இத்துன்பத்தை வன்னி நன்கறியும். உட்கிராமத்தவர் வைத்தியசாலைக்குப் பஸ் ஏறினால் அன்றைய கூலி போயிற்று. மற்றை நாட்களில் வீட்டிற் செய்யும் பயிற்சி சரியோ பிழையோ என்று சொல்வாரில்லை.

இதற்கென ஒருவகை முழங்கால் உறையைப் பல நாட்டு ஆய்வுகூடங்கள் உருவாக்கி வருகின்றன. மின் கடத்தும் நூல் அதிற் பின்னப்பட்டிருக்கும். கால் மடங்க நூல் நீளும். நீள, அதன் மின்தடை மாறும். அதைக்கொண்டு மூட்டு எத்தனை பாகை மடங்கிற்றெனக் கைத்தொலைபேசி கணிக்கும். உறை சற்று நழுவினும் கணக்குத் தவறும். வன்னி வெயிலையும் வியர்வையையும் எண்ண, நமக்கு இது சிறு ஐயமன்று.

பெரிய கேள்வி வேறு. எத்தனை பாகை போதும்? சமதரையில் நடக்க 60 அல்லது 70. கதிரையிலிருந்து எழ 90 அளவில் வேண்டும். கதிரையில் வாழ்வோர்க்கு வைத்தியம் அத்துடன் முடியலாம். இரணைமடுக் குளத்தின் கீழ்க் களை பிடுங்கும் கமக்காரருக்கோ, அடுப்படியிற் குந்தும் தாய்க்கோ 120க்கு மேலும் வேண்டுமே! இயன்மருத்துவர் அந்த இலக்கைக் குறித்துவையாவிடில், தொலைபேசி குணமென்று காட்ட, நோயாளி குந்தமாட்டாமல் நிற்பார்.

கிளிநொச்சி அறிவியல் நகரில் 2014 முதல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இயங்குகிறது. அங்குள்ள மாணவர் எவரேனும் இத்தகைய உறை செய்ய முற்படின், முதலில் அயலிலுள்ள வயலுக்குப் போய், நம்மவர் குந்தும்போது முழங்கால் எத்தனை பாகை மடங்குகிறதென அளந்து வரட்டும்.